அண்டாவுக்குப் போட்ட பூட்டு

வீட்டுக்குப் பூட்டுப் போடுவது திருடன் உள்ளே வராமல் இருக்க. எங்கள் பேப்பர் மில்லில் பூட்டுப் போடுவது எமன் உள்ளே வராமல் இருக்க. இதைச் சொன்னால் ஷிஃப்ட் சார் சிரிப்பார். "உனக்கு எதைத் தொட்டாலும் எமன்தான்மா" என்பார். சிரிக்கட்டும். நான் பயந்தாங்கொள்ளிதான், இல்லையென்று என்றைக்கும் சொன்னதில்லை. மெஷினைப் போடும் பட்டனை அமுக்கும்போதெல்லாம் வாயில் தானாக ஒரு 'ஐயோ' வந்துவிடும். அதனால் கன்ட்ரோல் ரூமில் என் பெயரே 'ஐயோ அக்கா'.

நான் போட்டு நிறுத்தும் மெஷின்களிலேயே பெரியதற்கு அண்டா என்று பெயர். பெயர் நாங்கள் வைத்தது. பழைய பேப்பரையும் தண்ணீரையும் கொட்டிக் கூழாக அடிக்கிற இரும்புத் தொட்டி அது. ஒரு அறை அளவுக்கு அகலம், ஆள் உயரத்துக்கு மேல் ஆழம். அடியில் தடித்த பற்கள் வைத்த சுழலி. சுழலிக்குக் கீழே ஒரு சல்லடைத் தட்டு, தட்டுக்கும் கீழே ஆள் படுத்து ஊர்ந்தால் மட்டுமே போகக்கூடிய ஒரு இடுக்கு. மிக்ஸி ஜாரை ஒரு வீடு அளவுக்குப் பெரிதாக்கி நினைத்துக்கொண்டால் போதும். அதற்குள் ஆள் இறங்கித்தான் பற்களை மாற்ற வேண்டும், இடுக்கில் சுற்றிக்கொண்ட கம்பியையும் பிளாஸ்டிக் கயிற்றையும் வெட்டி எடுக்க வேண்டும். இதைச் செய்யாமல் விட்டால் சுழலி ஆட்டம் போடும், கரண்ட்டைக் குடிக்கும், ஒருநாள் பல் தெறித்து யார் மண்டையையாவது பிளக்கும்.

உள்ளே இறங்குகிற ஒவ்வொருவரும் முதலில் பேனல் ரூமுக்குப் போய், அண்டாவின் மெயின் சுவிட்சை இறக்கி, அதில் தன் பூட்டை மாட்ட வேண்டும். சிவப்புப் பூட்டு. அதோடு அவரவர் போட்டோ ஒட்டிய அட்டை தொங்கும்: 'தொடாதே, நான் உள்ளே இருக்கிறேன்.' நாலு பேர் இறங்கினால் நாலு பூட்டு. வெளியே வந்தவர் தன் பூட்டைத் தானே கழற்றுவார். கடைசிப் பூட்டும் போனால்தான் சுவிட்ச் மேலே ஏறும். ஒரு பூட்டுக்கு ஒரே சாவி, அது அவரவர் சட்டைப் பையில். இதுதான் சட்டம்.

அண்டாவில் இறங்குவது என் கணவரும் என் தம்பியும். அவர் ஃபிட்டர், தம்பி வெல்டர். யோசித்துப் பாருங்கள், வீட்டில் இருக்கும் இரண்டு ஆண்பிள்ளைகளும் அந்த ஜாருக்குள், பட்டன் என் விரலடியில். இப்படி ஒரு வேலைக்கு வந்தவள் பயப்படாமல் வேறு என்ன செய்வாள்?

என் கணவர் வேலையில் புலி, சாவி விஷயத்தில் பூஜ்யம். சாவியை எங்கேயாவது வைத்துவிட்டு பேந்தப் பேந்த முழிப்பார். பலமுறை பூட்டை அறுத்துத்தான் எடுத்தார்கள், மேலிடத்தில் வசவு விழுந்தது. கடைசியில் அவரே போய் மாற்றுச் சாவி ஒன்று செய்துகொண்டு வந்து என் கைப்பையில் போட்டார்.

"ஏங்க, இது தப்பில்லையா? ஒரே சாவிதானே இருக்கணும்?"

"உங்கிட்ட இருந்தா என்ன, எங்கிட்ட இருந்தா என்ன? நீ வேற நான் வேறயா?"

பாசமாகத்தான் சொன்னார். எனக்கென்னவோ அன்றிலிருந்து அந்தப் பை கனத்தது. கடைக்குப் போனாலும் அடிக்கடி உள்ளே கையை விட்டுச் சாவி இருக்கிறதா என்று தடவிப் பார்ப்பேன். நான் அதை வைத்திருப்பது ஆலை முழுக்கத் தெரியும், ஷிஃப்ட் சாருக்கும் தெரியும். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. வசதியாக இருந்தால் யார் சொல்லப் போகிறார்கள்?

போன மாதம் ஒரு கூத்து. அண்டா ஓடிக்கொண்டிருக்கும்போது கேமராவில் கூழுக்குள் ஒரு கை தெரிந்தது. 'ஐயோ' என்று அலறி எல்லாவற்றையும் நிறுத்திவிட்டேன். கூழ் முழுவதும் வீணாகி, குழாயெல்லாம் அடைத்து, வடித்துப் பார்த்தால் ஒரு ரப்பர் கையுறை. அன்றிலிருந்து என்னைக் கண்டால் போகிறவர் வருகிறவரெல்லாம் கையுறையைக் கழற்றி ஆட்டிக் காட்டுகிறார்கள். ஷிஃப்ட் சார் மட்டும் ஆட்டவில்லை. "இன்னொரு தடவை இப்படி நடந்தா உன்னை வேற இடத்துக்குத்தான்மா மாத்தணும்" என்று தணிந்த குரலில் சொன்னார். அது அதைவிடச் சுட்டது. இனிமேல் பயத்தை விழுங்கிக்கொள்ளப் பழக வேண்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அன்று காலையிலிருந்து அண்டா நின்றிருந்தது. சுழலி ஆடுகிறது என்று அவரும் தம்பியும் இறங்கியிருந்தார்கள். அவர் மேலே பல் மாற்ற, தம்பி தட்டுக்குக் கீழே இடுக்கில் படுத்துக் கம்பி வெட்ட. மதியம் சாப்பாட்டு நேரம் தாண்டியதும் பள்ளிக்கூடத்திலிருந்து எனக்குப் போன் வந்தது. மகள் படியில் உருண்டு தாடையைக் கிழித்துக்கொண்டாளாம், ரத்தம் நிற்கவில்லையாம். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. கன்ட்ரோல் ரூமை விட்டு நான் நகர முடியாது. ஆள் அனுப்பி அவரை அண்டாவிலிருந்து வெளியே வரவழைத்தேன். உடம்பெல்லாம் கூழும் கிரீசுமாக ஓடி வந்து கண்ணாடிக்கு வெளியே நின்றார்.

"நான் போறேன். நீ பதறாதே, இங்கயே இரு."

பதறாதே என்றவர் செருப்பை மாற்றக்கூட நிற்கவில்லை. வண்டியை முறுக்கிக்கொண்டு கேட்டைத் தாண்டியதை நான் கண்ணால் பார்த்தேன். அதற்கப்புறம் என் நினைப்பெல்லாம் மகளின் தாடையில்தான் இருந்தது.

ஷிஃப்ட் மாறும் நேரத்தில் சார் வந்தார். பின்னாலேயே எலக்ட்ரீஷியன் அண்ணன். எல்லோரும் அவரை 'ஃபியூஸ்' என்பார்கள், சட்டென்று கோபம் வந்து சட்டென்று அணைந்துவிடுவார்.

"அண்டா ரெடிம்மா. உன் வீட்டுக்காரர் பூட்டு மட்டும்தான் தொங்குது. அவசரத்துல கழட்டாம போயிட்டார். சாவி உங்கிட்டதானே இருக்கு? வந்து தொறந்து விடு. மேல பேப்பர் ஓடற மெஷின்ல கூழ் இல்லாம காகிதம் அறுந்துக்கிட்டே இருக்கு."

"சார், என் தம்பி?"

"அவன் பூட்டு இல்லையேம்மா. கழட்டிட்டுக் கிளம்பியிருப்பான்."

"கிளம்பினா எங்கிட்ட சொல்லிட்டுத்தான் போவான் சார்."

"புள்ளைக்கு அடிபட்டிருக்குன்னு மாமன் பின்னாடியே ஓடியிருப்பான். தாய்மாமன் இல்லையா?"

தம்பிக்குப் போன் போட்டேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. அவனுடைய போன் வேலை நேரத்தில் அலமாரியில்தான் கிடக்கும், அதனால் அதிலிருந்து ஒன்றும் தெரியவில்லை. என் கணவருக்குப் போட்டேன். பின்னால் மகள் வீறிட்டு அழுகிற சத்தம்.

"தையல் போடறாங்க, சீக்கிரம் சொல்லு."

"ஏங்க, உங்க பூட்டைத் தொறக்கச் சொல்றாங்க. தம்பி அங்க வந்தானா?"

"இங்க வரல. மூடி போட்டாச்சா பாரு."

அண்டாவின் பக்கவாட்டில் ஆள் நுழைகிற வாசலுக்கு ஒரு இரும்பு மூடி உண்டு. சாரைப் பார்த்தேன். "மூடி போட்டாச்சா சார்?" "எப்பவோ போட்டாச்சு" என்றார்.

"போட்டாச்சாம்."

"அப்ப மாப்ள வெளிய வந்துட்டான். முடிச்சுட்டு மூடியைப் போட்டுடுன்னு சொல்லிட்டுத்தான் வந்தேன். தொறந்து விடு. பயப்படாதே." மகள் "அம்மா" என்று கத்தினாள். போன் துண்டானது.

எல்லாம் சரியாகத்தான் இருந்தது. பூட்டின் சொந்தக்காரர் உயிரோடு இருக்கிறார், அவரே திறக்கச் சொல்கிறார். தம்பியின் பூட்டு இல்லை, மூடியும் போட்டாயிற்று. இதற்குமேல் என்ன வேண்டும்? ஆனாலும் ஒரு தடவை மூடியைக் கழற்றிப் பார்க்கலாமா என்று கேட்க வாயெடுத்தேன். ஃபியூஸ் அண்ணன் தன் கையுறையைப் பார்த்துக்கொண்டு உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்குவது தெரிந்தது. வாயை மூடிக்கொண்டேன். பையிலிருந்து சாவியை எடுத்துக்கொண்டு அவர்கள் பின்னால் நடந்தேன்.

பேனல் ரூம் முற்றத்துக்கு அந்தப் பக்கம். உள்ளே சுவிட்சில் அவர் பூட்டு மட்டும் தொங்கியது. அட்டையில் அவர் போட்டோ, அதில்கூட எதையோ தொலைத்தவர் முழி. சாவியைத் துளைக்குள் விடப் பார்த்தேன். இரண்டு தரம் தவறியது. "கொடும்மா நான் தொறக்கறேன்" என்றார் சார். "வேண்டாம் சார்" என்று நானே திருப்பினேன். பூட்டு வாயைத் திறந்தது. சார் கன்ட்ரோல் ரூமுக்குப் போன் போட்டு, அடுத்த ஷிஃப்ட்டுக்கு வந்து என் நாற்காலியில் உட்கார்ந்திருந்த பெண்ணிடம், "சுவிட்ச் போடறோம், சைரன் அடிச்சு அண்டாவை ஓட்டு" என்றார். ஃபியூஸ் அண்ணன் சுவிட்சை மேலே ஏற்றினார். நான் பூட்டை ஒரு கையிலும் சாவியை மறுகையிலும் வைத்துக்கொண்டு வெளியே வந்தேன்.

ஒரு நிமிஷம் நிம்மதியாகக்கூட இருந்தது. பார், பயத்தை விழுங்கிவிட்டாய், ஒன்றும் ஆகவில்லை, கிளம்பி மகளைப் போய்ப் பார் என்று என்னை நானே தட்டிக்கொடுத்துக்கொண்டேன். ஃபியூஸ் அண்ணன் பக்கத்தில் ஏதோ பேசிக்கொண்டு வந்தார். பேனல் ரூமிலிருந்து அண்டா நிற்கும் கொட்டகைக்குப் போகிற வழியில் சைக்கிள் நிறுத்தும் இடம். அதைத் தாண்டும்போது சும்மாதான் திரும்பினேன்.

தம்பியின் சைக்கிள் அங்கே நின்றது.

சைக்கிள் சக்கரத்தில் சங்கிலி. சங்கிலியில் ஒரு சிவப்புப் பூட்டு. பூட்டில் ஒரு அட்டை. அட்டையில் என் தம்பி கண்ணை மூடிக்கொண்டிருந்தான். போட்டோ எடுக்கும்போது சிமிட்டிவிட்டான், அதையே ஒட்டிவிட்டார்கள், அதைச் சொல்லி வீட்டில் அவனை ஓட்டாத நாளில்லை. 'தொடாதே, நான் உள்ளே இருக்கிறேன்.'

அவன் பூட்டு சுவிட்சில் இல்லாதது அவன் கழற்றியதால் இல்லை. மாட்டவேயில்லை. காலையிலிருந்து அது இங்கே சைக்கிளைக் காத்துக்கொண்டிருக்கிறது.

"அண்ணே," என்றேன். எனக்கே என் குரல் கேட்கவில்லை. "அண்ணே, மூடியை யார் போட்டது?"

"நாங்கதான். சார் டார்ச் அடிச்சு உள்ள பாத்தாரு, கூப்பிட்டும் பாத்தாரு, யாருமில்ல. உன் தம்பி பூட்டும் இல்ல. நான்தான் போல்ட்டை முடுக்கினேன். ஏன்?"

பூட்டு இல்லை என்பதால் இவர்கள் மூடியைப் போட்டார்கள். மூடி போட்டிருக்கிறது என்பதால் என் கணவர் பூட்டைத் திறக்கச் சொன்னார். ஒன்றை நம்பி ஒன்று, அதை நம்பி நான். டார்ச் வெளிச்சம் சுழலி வரைக்கும்தான் போகும். தட்டுக்குக் கீழே இருக்கிற இடுக்கை வாசலில் நின்று எவனாலும் பார்க்க முடியாது.

"தம்பி உள்ள இருக்கான்" என்றேன்.

அப்போது சைரன் அடித்தது.

அந்தச் சைரன் கொஞ்ச நேரம் அடித்துவிட்டு ஓயும், ஓய்ந்ததும் சுழலி சுற்றும். அந்தக் 'கொஞ்ச நேரம்' எவ்வளவு என்று எனக்கு நன்றாகத் தெரியும், தினமும் அதை வைத்துத்தான் மெஷினைப் போடுகிறேன். கன்ட்ரோல் ரூமுக்கு ஓடினால் நேரம் போதாது. பேனல் ரூமுக்குத் திரும்பினாலும் போதாது. ஃபியூஸ் அண்ணன் வாயைப் பிளந்துகொண்டு மரமாக நின்றுவிட்டார். நான் கொட்டகைக்குள் ஓடினேன். செருப்பு எங்கே போனதென்று தெரியவில்லை. தரையெல்லாம் கூழ் வழுக்கல். விழுந்தேன், முட்டி பெயர்ந்தது, எழுந்தேன். 'நிறுத்து, நிறுத்து' என்று நான் கத்திய கத்தல் எதுவும் சைரனுக்கு முன்னால் எடுபடவில்லை. என் வாயில் வழக்கமாக வருகிற அந்த ஐயோ அன்றைக்கு வரவேயில்லை. அது எனக்குப் பிறகுதான் உறைத்தது.

அண்டாவுக்குப் பக்கத்துத் தூணில் அவசரத்துக்கு நிறுத்துகிற சிவப்புக் குமிழ் ஒன்று உண்டு. யாரும் அதை அமுக்குவதில்லை. என் கணவர் மட்டும் மாதாமாதம் அதைத் துடைத்து, அமுக்கி, வேலை செய்கிறதா என்று பார்த்துவிட்டுப் போவார். "அதுக்கும் ஒரு முத்தம் கொடுத்துட்டு வாங்க" என்று கிண்டல் செய்வேன். அந்தக் குமிழில் உள்ளங்கையால் மோதினேன். கையில் இருந்த பூட்டோடு சேர்த்து மோதினேன்.

சைரன் நின்றது. நான் கையை எடுக்கவில்லை. குமிழ் அமுங்கியபடியே பிடித்துக்கொள்ளும், கையை எடுத்தாலும் ஒன்றும் ஆகாது என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் எடுக்கவில்லை. சார் மூச்சிரைக்க ஓடி வந்தார்.

"என்னம்மா மறுபடியும்? இப்பத்தானே..."

"சுவிட்சை இறக்கச் சொல்லுங்க. இந்தப் பூட்டை மாட்டச் சொல்லுங்க. என் தம்பி கீழ படுத்திருக்கான். அவன் பூட்டு சைக்கிள்ல தொங்குது சார், சைக்கிள்ல!"

பூட்டை வாங்கிக்கொண்டு சாரே பேனல் ரூமுக்கு ஓடினார். பின்னாலேயே வந்த ஃபியூஸ் அண்ணன் மூடியின் போல்ட்டுகளைக் கழற்ற ஆரம்பித்தார். ஸ்பானர் நழுவி நழுவி விழுந்தது. சார் பேனல் ரூம் வாசலில் நின்று, மாட்டியாயிற்று என்று கையை உயர்த்திக் காட்டிய பிறகுதான் நான் தூணை விட்டேன்.

மூடி திறந்தது. உள்ளே இருட்டு. ஈரப் பேப்பர் நாற்றம். தலையை உள்ளே விட்டுக் கூப்பிட்டேன். என் குரல் இரும்பில் பட்டு என்னிடமே திரும்பி வந்தது. பதில் இல்லை. மறுபடி கூப்பிட்டேன். பக்கத்து மெஷினின் இரைச்சல்தான் கேட்டது. சுழலி சுற்றவில்லை, அது எனக்குத் தெரியும். ஆனால் மூடிய தொட்டிக்குள் காற்று? காலையிலிருந்து அந்த இடுக்கில், இரும்புக்குக் கீழே? அம்மா அவனை என் கையில் பிடித்துக் கொடுத்துவிட்டுப் போனது, அவன் பெண்டாட்டி, போன வாரம் நடக்க ஆரம்பித்த அவன் குழந்தை, எல்லோர் முகமும் அந்த இருட்டில் வந்து நின்றது. இவர்களிடம் போய் நான் என்ன சொல்வேன், பூட்டைத் திறந்தது நான்தான் என்றா?

கீழே வெளிச்சம் ஒன்று அசைந்தது.

தட்டின் ஓரத்து வழியாக முதலில் நெற்றி விளக்கு வந்தது. பிறகு கூழ் காய்ந்து வெளுத்த ஒரு தலை. பிறகு குறடும் கம்பிச் சுருளுமாக இரண்டு கைகள். என்னைப் பார்த்ததும் காதில் அடைத்திருந்த பஞ்சை எடுத்தான்.

"என்னக்கா, கத்திக்கிட்டு இருந்தியா? இன்னும் கொஞ்சம்தான், முடிஞ்சுது. மாமா வந்துட்டாரா? பாப்பாவுக்கு எப்படி இருக்கு?"

வாசல் வழியாக அவனை வெளியே இழுத்து அறைந்தேன். கன்னத்தில், தோளில், முதுகில், கை போன இடத்திலெல்லாம். அவன் தடுக்கவில்லை, திகைத்துப்போய் நின்றான். அப்புறம் கட்டிக்கொண்டு அழுதேன். ஃபியூஸ் அண்ணன்தான் தட்டுத்தடுமாறி நடந்ததை அவனிடம் சொன்னார். கேட்கக் கேட்க அவன் அப்படியே ஈரத்தரையில் உட்கார்ந்தான்.

"உன் பூட்டை ஏன்டா சைக்கிள்ல மாட்டின?"

"சைக்கிள் பூட்டு உடைஞ்சு போச்சுக்கா. முந்தி இருந்த சைக்கிளும் திருடு போச்சு. மாமாதான், என் பூட்டு தொங்குதில்ல, ஒரே குடும்பத்துக்கு எதுக்கு ரெண்டு பூட்டுன்னார்."

"சைரன் அடிச்சுதேடா, உனக்குக் கேக்கலையா?"

"கேட்டுது." அவன் என்னை நிமிர்ந்து பார்த்தான். "லேசா கேட்டுது. பக்கத்து மெஷினுக்கு அடிக்கறாங்கன்னு நினைச்சேன். நமக்கா இருக்கும்னு ஒரு நிமிஷம் பக்குன்னுச்சு. அப்புறம் மாமா பூட்டு இருக்குல்லன்னு நினைச்சுக்கிட்டேன். சாவி உங்கிட்டதானே இருக்கும். நீ எவ்வளவு பயந்தாங்கொள்ளி, ஆளை எண்ணிப் பாக்காம தொறப்பியா? அதான் நிம்மதியா கம்பியை வெட்டிக்கிட்டு இருந்தேன்."

சார் திரும்பி வந்து, "அந்தச் சாவியை எங்கிட்ட குடும்மா" என்றார். கொடுக்கத்தான் நினைத்தேன். விரல் பிரியவில்லை. எவ்வளவு முயன்றும் பிரியவில்லை. கடைசியில் என் தம்பிதான் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, கூழ் காய்ந்த கையால் என் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துச் சாவியை எடுத்தான்.